இரண்டு பேர் ஆர்கேட் கிட்: போர்டை நம்பி வாங்கலாம், ஸ்டிக்கை நம்பி வேண்டாம்

வீட்டிலேயே வீடியோ கேம் பெட்டி செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்தக் கிட்டைத்தான். இரண்டு ஜாய்ஸ்டிக், இருபது பட்டன், பட்டன் அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற யுஎஸ்பி என்கோடர் போர்டு இரண்டு, ஒரு கட்டு ஒயர். அட்டைப்பெட்டியில் கம்பெனி பெயர் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆன்லைனில் பத்துப் பதினைந்து பெயர்களில் விற்கிறார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே சரக்கு. அதனால் இது ஒரு பிராண்டைப் பற்றிய விமர்சனம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எது காசுக்குத் தகும், எது தகாது என்பதுதான் விஷயம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ட்ரோல் பேனல் ஒயரிங் செய்வது என் பிழைப்பு. பட்டன், ஒயர் முனையில் மாட்டுகிற லக், ஒயருக்கு அடையாள நம்பர் போடுகிற ஃபெரூல் என்று நாள் முழுக்க இவற்றோடுதான் கிடக்கிறேன். ஆகவே இதில் கேம் ஆடுகிறவன் பார்வையைவிட ஒயர்மேன் பார்வை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கிட்டிலேயே உருப்படியான பொருள் அந்த என்கோடர் போர்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஓரமெல்லாம் வரிசையாக வெள்ளை நிறச் சின்ன சாக்கெட்டுகள். ஸ்டிக்குக்கு ஐந்து பின் சாக்கெட் ஒன்று, பட்டன்களுக்கு இரண்டு பின் சாக்கெட்டுகள். பேனல் வேலையில் நாங்கள் எல்லாப் பட்டனுக்கும் பொதுவான காமன் ஒயரை பட்டனுக்குப் பட்டன் லூப் அடித்துக்கொண்டே போவோம். நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் செத்துவிடும். இதில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர் வருகிறது. ஒன்று போனாலும் மற்றது ஓடும். சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஒயரை சாக்கெட்டில் செருகி, மறுமுனையை பட்டனில் மாட்டி, யுஎஸ்பியைக் கம்ப்யூட்டரில் சொருகினால் சாதாரண கேம்பேடாகத் தெரிகிறது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. விண்டோஸிலும் சரி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலும் சரி.

'ஜீரோ டிலே' என்று போர்டின் தலையில் எழுதி விற்கிறார்கள். தாமதமே இல்லாத யுஎஸ்பி போர்டு எதுவும் கிடையாது, அதை விளம்பரமாக எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் கையில் உணரும் அளவுக்குத் தாமதம் இதில் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பழைய கேம்கள் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 ஃப்ரேம் ஓடுகின்றன. ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லி செகண்ட். பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான் என்றால் முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று உள்ளுக்குள் டிவி செய்யும் வேலைகள் போர்டைவிடப் பல மடங்கு தாமதம் தரும். 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். நான் டிவி பக்கமே போகவில்லை, பழைய மானிட்டர்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போர்டில் ஒரே ஒரு தலைவலி உண்டு. இரண்டு போர்டும் கம்ப்யூட்டருக்கு ஒரே பெயரைத்தான் சொல்லும். எது முதல் ஆள், எது இரண்டாவது ஆள் என்பது எந்தப் போர்டை சிஸ்டம் முதலில் கண்டுபிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அண்ணன் மகன் இடது பக்கம் நின்று குத்திக்கொண்டே இருக்கிறான், திரையில் வலது பக்கத்து ஆள் குத்துகிறான். "சித்தப்பா, என் ஸ்டிக்கு உங்க ஆளை ஆட்டுது" என்று கத்தல். இரண்டு யுஎஸ்பியையும் இடம் மாற்றிச் செருகினால் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எந்த ஒயர் கம்ப்யூட்டரின் எந்த யுஎஸ்பி போர்ட்டில் இருக்க வேண்டும் என்று ஃபெரூல் நம்பர் போட்டு, கேபிள் டை அடித்துவிட்டேன். பிறகு மாறவில்லை. டர்போ, ஆட்டோ என்று போட்டிருக்கும் சாக்கெட்டுகளை நான் காலியாகவே விட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் கை பட்டு டர்போ விழுந்துவிட்டால், ஏன் ஆள் தானாகவே குத்துகிறான் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது ஒயர். இங்கேதான் எனக்குக் கோபம். பட்டனின் அடியில் இருக்கும் தகடு 2.8 மில்லிமீட்டர் அகலம். கிட்டில் வந்த லக் 4.8. விற்பனைப் பக்கத்தில் 2.8 என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். 4.8 லக்கை 2.8 தகட்டில் மாட்டினால் அது மாட்டவில்லை, தொங்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து நான்கு தட்டு தட்டினால் கழன்று உள்ளே விழுந்து, பக்கத்துத் தகட்டில் உரசும். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இது எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தது. வேண்டுமானால் முழு கிட்டையும் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். அதற்குள் பாதி பட்டனைப் பலகையில் மாட்டியாகிவிட்டது. சரி, போகட்டும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2.8 லக் ஒரு பாக்கெட் வாங்கி எல்லாவற்றையும் வெட்டி, புது லக்கை ஒயரில் நசுக்கிப் பிடிக்க வைத்து மறுபடி கிரிம்ப் செய்தேன். கையில் கிரிம்பிங் டூல் இருக்கிறவனுக்கு இது ஒரு சாயங்கால வேலை. இல்லாதவர்களுக்குத் தொல்லைதான். பிளையரால் லக்கின் இரண்டு காதையும் மெதுவாக நெருக்கிவிட்டும் ஓட்டலாம், ஆனால் நாள்பட நிற்காது. லக் மேல் பிளாஸ்டிக் ஸ்லீவும் போட்டுவிடுங்கள், கிட்டில் வருவது மொட்டை லக்.

பட்டன் அழுத்த மோசமில்லை. 30 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் ஜப்பானிய வகைப் பட்டனின் நகல். தொட்டாலே விழுகிற அளவுக்கு மென்மை. ஸ்டார்ட், காயின் இரண்டுக்கும் 24 மில்லிமீட்டர் பட்டன். நான் தினமும் மாட்டுகிற இண்டஸ்ட்ரியல் புஷ் பட்டனை ஆயிரக்கணக்கான தடவை அழுத்தினாலும் ஆடாது. இது அந்த ரகம் இல்லை. ஓரத்தில் லேசாக ஆட்டம் இருக்கிறது, இரண்டு பட்டனில் பிளாஸ்டிக் பிசிறு. வந்ததில் ஒன்று வேலையே செய்யவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், கண்டினியூட்டி இல்லை, அதாவது அழுத்தினாலும் கரண்ட் கடக்கவில்லை. இருபதில் எல்லாமே தேவைப்படாது என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நீங்கள் பலகையில் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அழுத்திப் பாருங்கள். மாட்டிய பிறகு கழற்றுவது எரிச்சல்.

பட்டனில் உண்மையான சிக்கல் வேறு. பக்கவாட்டில் இரண்டு சின்ன காது இருக்கிறது, துளையில் அழுத்தினால் 'டக்' என்று கீழே விரிந்து பிடித்துக்கொள்ளும். அந்த வடிவம் 2 முதல் 4 மில்லிமீட்டர் தகட்டுக்காக உண்டானது. விற்கிறவர்கள் படத்தில் காட்டுவதோ அழகான மரப்பெட்டி. நம் ஊரில் யார் செய்தாலும் கண்ட்ரோல் பேனலுக்கு 12 எம்எம் பிளைவுட்தான் போடுவார்கள். பெட்டி செய்து கொடுத்த ஆசாரி அண்ணன் பட்டனை ஒரு துண்டுப் பலகையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இதுக்கு கால் எட்டல. மரத்துக்கு மரை போட்ட பட்டன் வாங்கு, இல்லன்னா மேல தகடு போடு" என்றார். இதை ஒரு வரி எழுதியிருந்தால் விற்கிறவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அவர் சொன்ன இரண்டு வழியும் சரி. தடித்த மரப்பலகை என்றால் நீளமான மரையும் அடியில் நட்டும் உள்ள அமெரிக்க வகைப் பட்டன் வாங்கலாம், அதற்குத் துளை சுமார் 28 எம்எம். நான் இரண்டாவது வழிக்குப் போனேன். மேலே 3 எம்எம் கறுப்பு அக்ரிலிக், அதில் சரியாக 30 எம்எம் துளை. கீழே 12 எம்எம் பிளைவுட், அதில் பட்டனின் காது விரிய இடம் விட்டுப் பெரிய துளை. பட்டன் அக்ரிலிக்கைப் பிடித்துக்கொள்கிறது, கையின் பாரத்தை மரம் தாங்குகிறது. அக்ரிலிக்கை வீட்டில் டிரில் போட்டால் விரிசல் விடும். நேம் போர்டு செய்கிற கடையில் லேசர் கட்டிங்கே கொடுத்துவிடுங்கள். கோரல் டிரா ஃபைல் கேட்பார்கள், பேப்பரில் அளவு போட்டுக் கொடுத்தாலும் அங்கே இருக்கிற பையன் வரைந்துவிடுவான். முதலில் ஒரு துண்டில் ஒரே ஒரு துளை வெட்டச் சொல்லி, பட்டனை அங்கேயே மாட்டிப் பாருங்கள். லேசர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். மரத்தில் துளை போட ஹோல் சா வேண்டாம், மேல் பிளையைப் பிய்த்துவிடும். ஃபோர்ஸ்ட்னர் பிட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆடுகிறபோது இடது கை விடாமல் பிடித்திருப்பது அதைத்தான்.

இது ஜப்பானின் சான்வா ஜேஎல்எஃப் ஸ்டிக்கின் நகல். பார்க்க அச்சு அசல். நடுவில் ஸ்பிரிங், நான்கு பக்கமும் மைக்ரோ சுவிட்ச், அடியில் சதுரமாக ஒரு கேட், தண்டு எந்த எல்லைக்குள் ஆடலாம் என்று தடுத்து வைக்கிற தகடு. கையில் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. ஸ்பிரிங் தளர்வு. விட்டால் நடுவுக்கு வந்து நிற்பதற்குள் எதிர்ப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. சுவிட்ச் விழுவதற்கு ரொம்ப தூரம் தள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று கேமில் சோதித்தேன். முதலாவது 1993-இல் கேப்காம் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. இந்தப் பெயரைச் சொன்னால் நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, முஸ்தபா கேம் என்றால் கண் விரியும். இதில் ஒரு பட்டன் அடி, ஒரு பட்டன் குதி, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் பறப்பார்கள், பதிலுக்கு நம் உயிரில் கொஞ்சம் போகும். இந்த விளையாட்டுக்குக் கிட் ஸ்டிக் தாராளமாகப் போதும். முஸ்தபா ஓடிப்போய் உதைக்க, முன்னால் இரண்டு தட்டு தட்டினால் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக ஓடுகிறான்.

இரண்டாவது, 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. இங்கே ஸ்டிக்கின் சாயம் வெளுத்துவிட்டது. கீழே, கீழ்-முன், முன், குத்து: நெருப்புப் பந்துக்கு இதுதான் வரிசை. நடுவில் இருக்கும் அந்த மூலைத் திசை விழ வேண்டும். கிட் ஸ்டிக்கில் அது அடிக்கடி விழாமல் போகிறது, ஆள் நெருப்பு விடாமல் வெறுமனே குத்துகிறான். மேல்நோக்கிப் பாயும் குத்துக்கு முன், கீழ், கீழ்-முன் என்று போக வேண்டும். அது எனக்கு இந்த ஸ்டிக்கில் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இதற்கு ஆறு பட்டனும் வேண்டும், மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. பட்டன்கள் கச்சிதமாக வேலை செய்தன. குறை முழுக்க ஸ்டிக்குடையது.

மூன்றாவது, 1980-இல் வந்த 'பேக்-மேன்'. இது நான்கு திசை விளையாட்டு. எட்டுத் திசை ஸ்டிக்கில் ஆடினால் திருப்பத்தில் மூலைத் திசை விழுந்து, வாய் திறந்தபடி சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நான்கு திசை கேட் மாட்டினால் தீரும். எனக்கு அந்த அளவு பொறுமை இல்லை.

கடைசியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அசல் ஜேஎல்எஃப் வாங்கி மாட்டினேன். கிட்டோடு வந்த ஐந்து பின் ஒயர் அப்படியே பொருந்தியது. திருகு துளைகளும் ஒத்துப்போயின. மேல் கீழ் மாறி வந்தது, மென்பொருளில் திசையை மறுபடி சொல்லிக் கொடுத்தேன், முடிந்தது. அதே ஆள், அதே கை, நெருப்புப் பந்து வரிசையாகப் போகிறது. இப்போது வீட்டில் அந்தப் பக்கம் யார் நிற்பது என்றுதான் சண்டை. ஒரு விஷயம்: ஸ்டிக்கை 12 எம்எம் மரமும் 3 எம்எம் அக்ரிலிக்கும் சேர்ந்த பலகையின் கீழே நேராகத் திருகினால் மேலே தெரியும் தண்டு குட்டையாகிவிடும். அடியிலிருந்து ரௌட்டரால் பாதிக்கு மேல் குடைந்து உட்கார வையுங்கள். ஆசாரி அண்ணன் அதை உளியிலேயே செய்துவிட்டார், அளவுகூட எடுக்கவில்லை.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஆள் உயரப் பெட்டிக்கு வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. மேஜை மேல் வைக்கிற குட்டிப் பெட்டிதான். பக்கப் பலகை 18 எம்எம், மற்றதெல்லாம் 12. அகலம் இரண்டடிக்குக் குறைந்தால் இரண்டு பெரியவர்கள் தோள் இடிக்காமல் நிற்க முடியாது. அடியில் ரப்பர் புஷ் கட்டாயம், இல்லாவிட்டால் முஸ்தபா ஆடுகிற வேகத்தில் பெட்டி மேஜையை விட்டு இறங்கி நடக்கும். மானிட்டர், ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய 19 இன்ச் சதுர வகை. 1280-க்கு 1024. பழைய கேம்கள் 4:3 விகிதம் என்பதால் மேலும் கீழும் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை விழும். அகல மானிட்டர் வாங்கினால் இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். டிவிஐ சாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், விஜிஏ என்றால் தனியாகக் கன்வர்ட்டர் செலவு.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை 4, பழைய கேம்களை அதில் ஓட்டுகிற ரெட்ரோபை மென்பொருள். சார்ஜரில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதற்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கைக்குக் கிடைத்த போன் சார்ஜரைப் போட்டால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும், கேம் இழுக்கும். ஒலிக்கு பிஏஎம் 8403 என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு, இரண்டு ஸ்பீக்கர். ராஸ்பெர்ரி பைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கரண்ட் எடுத்தபோது 'ங்ங்' என்று ஒரு இரைச்சல். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் நின்றது. பை 5 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதில் 3.5 எம்எம் ஆடியோ ஜாக்கே கிடையாது, இந்த வேலைக்கு 4 போதும். ஆட்டம் முடிந்ததும் மெனுவில் போய் ஷட் டவுன் கொடுங்கள். பட்டென்று பிளக்கைப் பிடுங்கினால் மெமரி கார்டு ஒருநாள் கெட்டுப்போகும். கரண்ட் போவது நம் கையில் இல்லை என்பதால் கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேம் ஃபைல்கள் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற, 1997-இலிருந்து வரும் மேம் எமுலேட்டர் இலவசம், சட்டப்படியும் சரி. கேம்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர்களே அனுமதித்த சில பழைய கேம்களை மேம் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கேப்காம் தன் பழைய ஆர்கேட் கேம்களைத் தொகுப்பாக விற்கவும் செய்கிறது. நம் முஸ்தபா மட்டும் பாவம். அது ஒரு காமிக்ஸை வைத்து உரிமம் வாங்கிச் செய்தது, எந்த வீட்டுக் கன்சோலுக்கும் அது வரவே இல்லை. 'ஆயிரக்கணக்கான கேம் உள்ளேயே இருக்கிறது' என்று விற்கும் ரெடிமேட் பெட்டிகளைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒரே கேமை நான்கு பெயரில் போட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள்.

கிட்டை எல்இடி பட்டனோடும் விற்கிறார்கள், விலை கூடுதல். நான் சாதாவைத்தான் வாங்கினேன். பட்டன் மின்னுவதற்குக் கொடுக்கிற காசைச் சேர்த்து வைத்தால் அசல் ஸ்டிக்கின் விலையில் ஒரு பங்கு வந்துவிடும். கட்டாயம் விளக்கு வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் எல்இடி 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். 12 வோல்ட் பட்டன் யுஎஸ்பி கரண்டில் எரியாது.

போர்டுக்கு ஐந்துக்கு நான்கரை, பட்டனுக்கு மூன்று, ஸ்டிக்குக்கு இரண்டு, ஒயருக்கு ஒன்று, அதுவும் கலர் கலராக இருப்பதற்காக. வீட்டில் பிள்ளைகளுக்கு முஸ்தபா மாதிரி அடிதடி கேம்தான் என்றால் கிட்டையே வாங்கி, லக்கை மட்டும் சரிபார்த்து மாட்டுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகிற கை என்றால் இரண்டு போர்டையும் தனியாக வாங்கி, ஸ்டிக்கையும் மரை போட்ட பட்டனையும் தேர்ந்தெடுத்து வாங்குவது மேல். முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆடலாம், கிட் இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆளுக்கு நான் ஒரு சாதா யுஎஸ்பி கேம்பேடைச் செருகி, ஒயரைப் பெட்டியின் பின்னால் ஒரு துளை போட்டு வெளியே விட்டிருக்கிறேன். அது அண்ணிக்கு. அவர்தான் எங்கள் மூன்று பேரிலும் அதிக ஸ்கோர் எடுக்கிறார், ஸ்டிக்கே வேண்டாம் என்கிறார்.